கிழக்குக் கடற்கரைச் சாப்பாட்டுப் பெட்டி

புதுக்காலனி, ஆலஞ்சாவடி
கடலூர் மாவட்டம்
20.8.2025

அனு,

அம்மா எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் நீ நாலு வார்த்தை பேசுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை, "அந்தக் கரண்டியத் தூக்கிப் போட்டுட்டு வீட்ல இரும்மா" என்று கத்திவிட்டு நீயே வைத்துவிட்டாய். அப்புறம் நாலு தடவை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் அதுதான் நடக்கும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நம் காலனிப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் சத்துணவு உதவியாளராக இருந்தேன். ஜூன் மாதம் சமையலராக உயர்த்தி, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். அங்கே எட்டாவது வரை உண்டு. மொத்தம் நாற்பத்தேழு பிள்ளைகள் சத்துணவுப் பட்டியலில். பதினாலு பேர் நம் காலனி. மீதி முப்பத்து மூன்று பேர் மேலத்தெருவும் அதை ஒட்டின தெருக்களும்.

முதல் நாள் வெஜிடபிள் பிரியாணியும் மிளகு முட்டையும். பதினாலு பேர்தான் தட்டோடு வந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்திருந்தார்கள். டப்பா இல்லாததுகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தன. இரண்டாவது நாளும் அப்படித்தான். மூன்றாவது நாள் எச்.எம். சார் வந்து தயங்கித் தயங்கி நின்றார். "ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க ஜெயராணிம்மா. முட்டைய மட்டும் வேகவச்சு ஓட்டோட குடுத்துட்டீங்கன்னா பசங்க வாங்கிக்குவாங்களாம். பேரன்ட்ஸ் சொல்றாங்க" என்றார். ஏன் சார் ஓட்டோடு என்று கேட்டேன். அவர் வேப்பமரத்தடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் பதில் தெரியும். ஓட்டுக்கு வெளியேதான் என் கை படும், உள்ளே படாது.

பிள்ளைகள் முட்டையாவது தின்னட்டும் என்று கொடுத்தேன். இரண்டு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. முப்பத்து மூன்று பேரும் வரிசையில் வந்து முட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சோற்றுப் பக்கம் திரும்புவதில்லை.

இதைத்தான் உன்னிடம் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாய் என்று நினைத்தேன். வேலையை விடச் சொல்கிறாய். நான் விட மாட்டேன். அதை எழுதிச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

அப்பா பண்ருட்டி மண்டியிலிருந்து சனிக்கிழமைதான் வருவார். முதுகு வலி குறைந்திருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

*

சியோல்
5.9.2025

அம்மா,

குறுக்கே பேசாமல் முழுவதும் படித்தேன். இரண்டு தடவை. இப்போது நீ படி.

நான் ஒன்பதாவது படிக்கும்போது உன் முழங்கையில் கொதிக்கிற சாம்பார் கொட்டியது. மருந்து போட்டுக்கொண்டு மறுநாளே அடுப்படிக்குப் போனாய். "நீ படிச்சு ஒரு வேலைக்குப் போ, அப்புறம் நான் எதுக்கு இங்க நிக்கப் போறேன்" என்று அன்றைக்குச் சொன்னது நீதான். நான் அதை நம்பித்தான் படித்தேன். கடலூரில் பி.எஸ்சி., சிதம்பரத்தில் எம்.எஸ்சி., இப்போது இங்கே வந்து பேட்டரி ஆராய்ச்சி. இந்தப் பல்கலைக்கழகம் தருகிற உதவித்தொகையில் மிச்சம் பிடித்து மாதாமாதம் அனுப்புகிறேன். உனக்கும் அப்பாவுக்கும் அது போதும். பிறகு எதற்காக அங்கே போய் நின்று, உன் கை பட்டதைத் தின்ன மாட்டேன் என்கிறவர்களுக்கு ஆக்கிப் போடுகிறாய்?

அந்த ஓட்டோடு முட்டை விஷயத்தைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. நீ அதைக் கொடுத்திருக்கவே கூடாது. அப்படிக் கொடுத்தால் அவர்கள் சொல்வது சரி என்று நீயே ஒத்துக்கொண்டது போல் ஆகிறது. தயவுசெய்து நிறுத்து. அதைவிட நல்லது, வேலையையே நிறுத்து.

என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. லேப் கட்டிடத்துக்குக் கீழேயே ஒரு சின்னக் கடை. இந்த ஊரில் முக்குக்கு முக்கு இப்படிக் கடை உண்டு, மூடவே மாட்டார்கள். அதில் சாப்பாட்டைப் பெட்டியில் அடைத்து அடுக்கியிருப்பார்கள். தோஷிராக் என்று பெயர். தோசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சோறு ஒரு குழியில், கூட்டு பொரியல் மாதிரி நாலைந்து அயிட்டம் சின்னச் சின்னக் குழிகளில். கடையிலேயே மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் சுடவைத்து, ஜன்னலோரம் நின்றோ உட்கார்ந்தோ தின்றுவிட்டுப் போகலாம். வாரத்தில் நாலு நாள் எனக்கு அதுதான்.

லேபில் என் சீனியர் ஸ்ரீமதி இந்த மாதம் லீவில் வருகிறாள். அவள் வீடு சிதம்பரத்தில்தான். ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்றால் அவளிடம் கொடு. நம்பரைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அதிகம் பேச்சுக் கொடுக்க வேண்டாம், கொடுத்துவிட்டு வந்துவிடு.

அனு

*

ஆலஞ்சாவடி
22.9.2025

அனு,

அதிகம் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று ஏன் எழுதினாய் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

கடலையை வறுத்து வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டை இருபது, வறுத்த முந்திரி அரைக் கிலோ, இட்லிப் பொடி ஒரு பாட்டில். மூன்றையும் கட்டிக்கொண்டு போன சனிக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறினேன். ஸ்ரீமதி பஸ் ஸ்டாண்டுக்கே வருகிறேன் என்றது. நான்தான், "வேணாம் பாப்பா, நானே வர்றேன்" என்று வழி கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நல்ல வீடு. அந்தப் பெண்ணும் நல்ல பெண்தான். வாசல் வரை ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டது. அதனுடைய அம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். "உங்க பொண்ண பத்தி ஸ்ரீ சொல்லிட்டே இருப்பா. நீங்க எந்த ஸ்கூல்ல டீச்சர்?" என்று கேட்டார்.

உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு மனசு. பொய் சொல்லக் கூடாது என்று ஒரு மனசு. "நான் டீச்சர் இல்லீங்க. சத்துணவுல சமைக்கிறேன்" என்றேன். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்தடுத்துக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே போனார். எனக்குக் காபி பேப்பர் கப்பில் வந்தது. அவர்கள் டம்ளரில் குடித்தார்கள். ஸ்ரீமதி என் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குடித்தேன். நல்ல காபி. கப்பை நசுக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டியில் வந்து போட்டேன்.

அவர்கள் செய்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பார்க்காததா. ஆனால் அனு, நீ ஏன் என்னை டீச்சர் ஆக்கினாய்? முட்டையை ஓட்டோடு கொடுக்காதே என்று எனக்கு எழுதினாயே, நீ என்னை எதற்குள் வைத்துக் கொடுத்தாய்?

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

முட்டையை நிறுத்திவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. ஒரு நாள் மூன்றாவது படிக்கிற பையன், முட்டையை எடுத்துச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு உரித்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. மறுநாள் எச்.எம். சாரிடம் போய், "மெனுவுல திங்கள்கிழமை மிளகு முட்டை, செவ்வாய்க்கிழமை தக்காளி மசாலா முட்டைன்னு போட்டிருக்கு. போட்டிருக்கிறபடி செய்வேன். ஓட்டோட குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "பசங்களுக்கு முட்டை போயிடுமேம்மா" என்றார். "அத அவங்க அப்பா அம்மாகிட்ட சொல்லுங்க சார்" என்றேன்.

இன்றைக்குப் பத்தாவது நாள். பதினாலு பேர்தான் சாப்பிடுகிறார்கள். மற்றதுகள் என் அடுப்படியைப் பார்த்துக்கொண்டே போகின்றன. எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. இருந்தாலும் பின்வாங்க மாட்டேன்.

அம்மா

*

சியோல்
8.10.2025

அம்மா,

உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. பதில் எழுத ஆறு நாள் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். இப்போது கிழிக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

நான் பொய்தான் சொன்னேன். வந்த முதல் வாரத்தில் ஸ்ரீமதி, "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். "ஸ்கூல்ல" என்றேன். "டீச்சரா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஒரு தலையாட்டல். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அதைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தேன். என்ன சப்ஜெக்ட் என்று ஒரு நாள் கேட்டாள். கணக்கு என்றேன். உன்னைப் பற்றி வெட்கப்பட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். உன்னைப் பற்றி இல்லை. அடுத்தடுத்து வரப்போகிற கேள்விகளுக்குப் பயந்தேன். சிதம்பரத்தில் உன்னிடம் கேட்டார்களே, அந்தக் கேள்விகளுக்கு. நீ எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அந்தக் காபியையும் குடித்துவிட்டு வந்திருக்கிறாய். நான் இத்தனை தூரம் ஓடிவந்தும் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதினால் சின்ன வார்த்தையாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

இங்கே இப்போது சூசக். நம் பொங்கல் மாதிரி அறுவடைப் பண்டிகை. எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். இந்த வருஷம் ஒரு வாரம் லீவு. ஹாஸ்டல் காலி, கேன்டீன் பூட்டு, தெருவில் ஓட்டல்களெல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன. திறந்திருந்தது கீழேயுள்ள அந்தக் கடை மட்டும். ஊருக்குப் போகாதவர்களுக்காகவே போல, புதிதாக ஒரு வகைப் பெட்டி வந்திருந்தது. "பயணப் பெட்டி" வரிசை. ஒவ்வொரு பெட்டிக்கும் இந்த நாட்டில் ஒரு பகுதியின் பெயர். நான் எடுத்தது கிழக்குக் கடற்கரை. மேலே ஒரு அட்டை உறை, அதில் கடலை ஒட்டி ஓடுகிற ரயில். ஓரத்தில் டிக்கெட் மாதிரி அச்சடித்து, புறப்படும் இடம் சியோல், சேரும் இடம் காங்னுங் என்று போட்டிருந்தது. ஒன்றரை வருஷத்தில் நான் எங்கேயும் போனதில்லை. லேப், ஹாஸ்டல், இந்தக் கடை. சரி, பெட்டியிலாவது போவோம் என்று வாங்கினேன்.

உனக்கு விவரமாகச் சொன்னால்தான் பிடிக்கும். சோற்றில் உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு வேகவைத்திருந்தார்கள், அந்தப் பக்கம் உருளை அதிகம் விளையுமாம். சோறு கொஞ்சம் ஒட்டும், ஆனால் குழையவில்லை. ஒரு குழியில் கணவாய், சிவப்பு மிளகாய் விழுதில் பிரட்டியது. நம் முதுநகர் ஹார்பர் கணவாய் மாதிரி மெத்தென்று இல்லை, கொஞ்சம் ரப்பர். காரத்தோடு இனிப்பும் சேர்ந்து வரும், அது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. ஒரு குழியில் சோயாபீன் பாலைத் திரித்துச் செய்த கட்டி, வெள்ளையாக, பனீர் மாதிரி, உப்பு கம்மி. முட்டையைப் பாய் மாதிரிச் சுருட்டி வெட்டிய துண்டு இரண்டு. கிம்ச்சி, அதாவது முட்டைக்கோஸ் ஊறுகாய், ஒரு பிடி. உருளைச் சோற்றையும் கணவாயையும் சேர்த்துத் தின்றபோது நன்றாகவே இருந்தது. கடைசி வரை வழித்துத் தின்றேன்.

தின்று முடித்து உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். அரிசி எங்கே விளைந்தது, கணவாய் எந்த நாட்டிலிருந்து வந்தது, உப்பு எவ்வளவு, எந்த ஃபாக்டரி, எத்தனை மணிக்குள் தின்ன வேண்டும், எல்லாம் இருக்கிறது. யார் சமைத்தது என்பது மட்டும் இல்லை. கல்லாவில் பகலில் இருக்கிற அக்காவிடம் எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம், "நானே இந்த மாதிரி ஃபாக்டரியில் நாலு வருஷம் இருந்தேன். பெட்டி நகர்ந்து வரும். முட்டைத் துண்டைக் குழியில் வைப்பது என் வேலை. ஒரு நாளைக்கு எட்டாயிரம் பெட்டி. உள்ளே குளிர், விரல் மரத்துப்போகும்" என்று கையை விரித்துக் காட்டினார். "அந்தப் பெட்டியை வாங்கித் தின்ற ஒருத்தரும் என்னைப் பற்றிக் கேட்டதில்லை" என்றார்.

எனக்கு உடனே தோன்றியதைச் சொல்கிறேன். எவ்வளவு நிம்மதி. ஒரு நாடே யார் கை பட்டது என்று கேட்காமல் தின்கிறது. ஆக்கியவர் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நீ இப்படி ஒரு இடத்தில் சமைத்திருந்தால் உன் சோறு மிஞ்சியிருக்காது.

மறுநாள் இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு நிஜமாகவே காங்னுங் போனேன். உட்கார டிக்கெட் இல்லை, நின்றுகொண்டே இரண்டு மணி நேரம். அங்கேயும் கடல் கிழக்கில்தான் இருக்கிறது, நம் சில்வர் பீச் மாதிரி. தண்ணீர் மட்டும் ரொம்பக் குளிர்ச்சி. மணலில் உட்கார்ந்து தின்றேன். சூடு ஆறிப்போய் சோறு கெட்டியாகிவிட்டது. இருந்தாலும் தின்றேன். அங்கேதான் இந்தக் கடிதத்தின் முதல் பத்தியை எழுதினேன்.

வேலையை விடச் சொல்லி இனிமேல் எழுத மாட்டேன். ஆனால் உன்னால் முடியாது என்று தோன்றும் நாளில் என்னிடம் சொல். மறைக்காதே.

உன் அனு

*

ஆலஞ்சாவடி
27.10.2025

அனு,

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால் உன் கடுதாசி வந்தது. அப்பா சத்தமாகப் படித்தார். கணவாய் ரப்பர் மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப நேரம் அடுப்பில் விட்டால் அப்படித்தான் ஆகும். ஃபாக்டரியில் யார் நின்று பார்க்கப் போகிறார்கள். உருளைக்கிழங்கு போட்ட சோறு நானும் ஒரு நாள் செய்து பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை உருளை வரும்.

டீச்சர் விஷயம் இத்தோடு முடிந்தது. நீ எழுதியதை நான் படித்துவிட்டேன். ஆனால் என்னிடம் சொன்னதை அங்கேயும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல். அதற்கு நாள் நேரம் நீயே பார்த்துக்கொள்.

யார் சமைத்தது என்று கேட்காமல் தின்கிறார்கள், எவ்வளவு நிம்மதி என்று எழுதியிருந்தாய். நான் இதை ரெண்டு நாள் யோசித்தேன். உலை கொதிக்கும்போதெல்லாம் அதே யோசனைதான். எனக்கு அந்த நிம்மதி வேண்டாம் அனு. அந்தக் கல்லா அக்கா நாலு வருஷம் விரல் மரத்துப்போக வேலை செய்திருக்கிறது. நீ கேட்டதும் கையை விரித்துக் காட்டியிருக்கிறது. ஒருத்தராவது கேட்க மாட்டார்களா என்றுதானே அதற்கு இருந்திருக்கும்? தெரியாமல் தின்றால் அது என் சமையலுக்குக் கிடைத்த மரியாதை இல்லை. ஜெயராணி ஆக்கியது, காலனி ஜெயராணி ஆக்கியது என்று தெரிந்து, தட்டை நீட்டி வாங்கித் தின்ன வேண்டும். அதற்குத்தான் நான் அங்கே நிற்கிறேன்.

இப்போது ஒரு விஷயம். மேலத்தெருவில் இளவரசி என்று ஒரு பெண். வீட்டுக்காரர் திருப்பூரில். அது முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலைக்கு விடியற்காலையில் போய்விடும். மகள் பெயர் இலக்கியா, நாலாவது படிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு டப்பா கட்ட ஆளில்லை. தினமும் மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கும். போன மாதக் கடைசியில், தக்காளி மசாலா முட்டை நாள், மணி அடித்து அரை மணி ஆகியிருக்கும். நேராக என்னிடம் வந்து நின்றது. கையில் தட்டு இல்லை.

"என்ன பாப்பா?"

"எனக்கும் வேணும் அக்கா."

"ஓட்டோட தர மாட்டேனே."

"கொழம்போடயே போடுங்க" என்றது.

தட்டில் போட்டுக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து தின்றது. இரண்டாம் தடவையும் சோறு கேட்டது. சுற்றி நின்று பார்த்த பிள்ளைகளில் ரெண்டு மறுநாள் வந்தன.

இலக்கியா தின்ற அன்று சாயங்காலமே இளவரசி வீட்டு வாசலில் ஆள் கூடிச் சத்தம் போட்டிருக்கிறார்கள். அது எனக்கு மறுநாள்தான் தெரியும். மத்தியானம் இளவரசி வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. சண்டைக்கு வருகிறது என்று நினைத்து அடுப்படியை விட்டு வெளியே வந்து நின்றேன். "என் புள்ள சாப்பிட்டது எதுன்னு நானும் பாக்கணும்" என்றது. ஒரு கரண்டி போட்டேன். நின்றுகொண்டே தின்றது. வரிசையில் இருந்த பிள்ளைகள், எச்.எம். சார், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டது.

உப்பு கம்மிதான். நானும் ஒரு வாய் தின்று பார்த்தேன்.

இப்போது பத்தொன்பது பேர் சாப்பிடுகிறார்கள்.

அம்மா

*

சியோல்
12.11.2025

அம்மா,

சொல்லிவிட்டேன்.

ஸ்ரீமதி திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றே உன் பையைக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த அன்று எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிந்ததும் எல்லோரும் டீ குடிப்போம், எட்டு பேர். மல்லாட்டை உருண்டையை மேசை மேல் வைத்தேன். கொரியக்காரப் பையன் ஒருவன், "கடையில் வாங்கியதா?" என்று கேட்டான். "என் அம்மா செய்தது" என்றேன். "என் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையலர். தினமும் நாற்பத்தேழு பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். டீச்சர் என்று நான் சொல்லியிருந்தேன். அது பொய்." முதலில் இங்கிலீஷில் சொன்னேன். அப்புறம் ஸ்ரீமதியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். நாம் எந்தத் தெரு என்பதையும் சொன்னேன்.

மற்றவர்களுக்கு அதில் பாதி புரியவில்லை. உருண்டையை எடுத்துத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார்கள். ஸ்ரீமதிக்குப் புரிந்தது. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னிக்கு அந்தக் கப்ப நான் மாத்திருக்கணும் அனு. பாத்துட்டே இருந்தேன், மாத்தல" என்றாள். நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது உன்னுடையது. "அத எங்கம்மாகிட்ட சொல்லு" என்று உன் முகவரியை எழுதிக் கொடுத்தேன். எழுதுவாளா தெரியாது.

அம்மா, ஒன்று கேட்கிறேன். மேலத்தெருவில் சும்மா இருக்க மாட்டார்கள். நீ பத்தொன்பது என்று எழுதியதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தது. ஏதாவது நடந்தால் எழுது. எது நடந்தாலும், என்ன ஏது என்று கேட்காமல் எந்தக் காகிதத்தையும் வாங்காதே, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

உன் அனு

*

ஆலஞ்சாவடி
11.12.2025

அனு,

நீ பயந்த மாதிரியே நடந்தது. முடிந்தும் விட்டது. அதனால் நிதானமாகப் படி.

நவம்பர் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. உலையில் அரிசி போட்டுவிட்டு நிற்கிறேன். எச்.எம். சார் ஒரு கவரோடு வந்தார். எனக்கு மாறுதல் உத்தரவு. திட்டக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். போக மூன்று பஸ் மாற வேண்டும். "உங்க சொந்த விருப்பத்தின் பேர்லன்னு போட்டிருக்கும்மா. நீங்க மனு குடுத்தீங்களா?" என்று கேட்டார். "நான் எந்த மனுவும் குடுக்கல சார்" என்றேன். மனுவின் நகல் பின்னால் இருந்தது. என் பெயரில் யாரோ எழுதியிருக்கிறார்கள். கீழே இங்கிலீஷில் கையெழுத்து. எனக்கு இங்கிலீஷில் என் பெயர் எழுத வரும். ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிப் போட்டதில்லை. சம்பளப் பதிவேட்டில் எல்லா மாதமும் ஜெயராணி என்று தமிழில்தான் இருக்கும்.

"வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடணும்மா" என்றார்.

"வாங்கலையே சார். நீங்களே வச்சுக்குங்க. நகல மட்டும் போட்டோ எடுத்துக்குறேன்" என்றேன்.

அவர் நல்லவர், பயந்தவர். வற்புறுத்தவில்லை. சோறு வெந்துகொண்டிருந்தது. இறக்கி, கலந்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். சமையலை நம் காலனி செல்வி பார்த்துக்கொள்ள எச்.எம். சாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பாவும் நானும் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் இளவரசி நின்றது. கூடவே மேலத்தெருப் பெண்கள் ரெண்டு பேர். அதில் ஒருத்தி ஜூன் மாதம் என்னைப் பார்த்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள். நான் ஒன்றும் கேட்கவில்லை. "எம்புள்ளைக்குச் சோறு போடுறவங்கள எங்களக் கேக்காம எப்படி மாத்துவாங்க" என்று அவளேதான் சொன்னாள். மழை. அஞ்சு பேரும் ஒரே சீட்டு வரிசையில் நனைந்துகொண்டே போனோம்.

ஒரே கூட்டம். மனுவை எழுதி, நம்பர் வாங்கி, எங்கள் முறை வர மதியம் ஆகிவிட்டது. ஒரு பெண் அதிகாரி. எச்.எம். சார் எடுத்துத் தந்த சம்பளப் பதிவேட்டு நகலையும் நான் எடுத்த அந்தப் பொய் மனுவின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது உங்க கையெழுத்து இல்லைங்கிறது தெரியுது. விசாரிக்கச் சொல்றேன். ஆனா ஏம்மா, அந்த ஊர்ல இவ்ளோ பிரச்சனை இருக்கு. திட்டக்குடி வேணாம், பக்கத்துலயே வேற ஸ்கூல் தரச் சொல்றேன். நிம்மதியா இருக்கலாமே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"எனக்கு நிம்மதி வேணாம் மேடம். அந்த அடுப்புதான் வேணும்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இளவரசி பின்னாலிருந்து, "அவுங்க அங்கதான் இருக்கணும் மேடம், எழுதிக்குங்க" என்றது. எழுதிக்கொண்டார்.

பத்து நாள் ஒன்றும் வரவில்லை. நான் தினமும் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். ஒரு நாள் அடுப்படிப் பூட்டை மாற்றியிருந்தார்கள். வாசலிலேயே உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு எச்.எம். சார் சாவியோடு வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார். "யார் கேட்டாலும் நான்தான் தொறந்தேன்னு சொல்லுங்க" என்றார். அன்றைக்குச் சோறு ஒரு மணி நேரம் தாமதம். பிள்ளைகள் காத்திருந்தன.

டிசம்பர் அஞ்சாம் தேதி உத்தரவை ரத்து செய்து காகிதம் வந்தது. அதற்குக் கையெழுத்துப் போட்டேன். தமிழில்.

சிதம்பரத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. ஸ்ரீமதி அங்கிருந்து சொல்லி, அதனுடைய அம்மா எழுதியிருக்கிறார். நாலு வரி. அடுத்த தடவை வரும்போது வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று. போவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரம் இல்லை.

நீ லேபில் சொன்னதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போய் நின்றார். வந்து, "அவள யாராவது கேட்டா, அப்பா பண்ருட்டியில மூட்ட தூக்குறார்னு சேத்துச் சொல்லச் சொல்லு" என்றார்.

இன்றைக்கு முப்பத்தொரு பேர் சாப்பிட்டார்கள். பதினாறு பேர் இன்னும் வரவில்லை. அதில் நாலு பேர் வீட்டில் ஒருநாளும் விட மாட்டார்கள் என்று இளவரசி சொல்கிறது. இருக்கட்டும். நான் நாற்பத்தேழு தட்டையும் கழுவித்தான் அடுக்குகிறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, உருளைக்கிழங்கு வரும். காலையில் சீக்கிரம் போக வேண்டும்.

அம்மா